அந்தி அழுகைக்குத் தோளே காப்பு

விளக்கு வைக்கும் நேரத்தில் வீறிட்டழும் பச்சிளங் குழந்தையை அறியாத குடும்பம் இல்லை. பகலெல்லாம் சாதுவாக உறங்கிய பிள்ளை, மாலை மயங்கியதும் முகம் சிவந்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, விரல்களை இறுக மூடிக்கொண்டு அழத் தொடங்கும். பால் கொடுத்தாலும் நிற்காது. தூளியில் இட்டாலும் நிற்காது. “வயிற்றில் வாயு கட்டிக்கொண்டது” என்பார் ஒருவர். “கண் பட்டுவிட்டது” என்பார் மற்றொருவர். “பால் போதவில்லை” என்பார் மூன்றாமவர். இம்மூன்று தீர்ப்புகளுக்கும் நடுவே, பெற்றெடுத்து நாற்பது நாளும் ஆகாத இளந்தாய் திகைத்து நிற்பாள்.

அந்திப் பொழுதில் குழந்தைக்குத் தனிக் காவல் வேண்டும் என்பதை நம் ஆன்றோர் அறிந்திருந்தனர். பெரியாழ்வார் தம் திருமொழியின் இரண்டாம் பத்தில், திருச்சிக்கு வடக்கே உள்ள திருவெள்ளறை எம்பெருமானைச் சிறு பிள்ளையாகப் பாவித்து, மாலை வேளையில் காப்பிட வருமாறு யசோதையின் பாவத்தில் அழைக்கிறார். உலகைக் காப்பவனுக்கே அந்தியில் காப்பு வேண்டும் என்று அந்தத் தாய்மனம் எண்ணியது. அதே ஆழ்வார் தாலாட்டும் பாடினார். பாலுண்ண அழைத்தும் பாடினார். நீராட அழைத்தும் பாடினார். குழந்தையின் ஒரு நாள் முழுவதையும் பக்தியாக்கிய பெருமை அவருடையது.

இன்று நம் வீட்டுப் பேரக்குழந்தைக்கு அந்திக் காப்பிட வேண்டிய பொறுப்பு நம் தலைமுறைக்கு வாய்த்திருக்கிறது. அந்தக் காப்பு எது என்பதில்தான் தெளிவு தேவைப்படுகிறது. வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, சேலையூரில் பேரக்குழந்தைகளின் நடுவே காலம் கழிக்கும் நான், இதுபற்றிக் குழந்தை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றை ஒத்த வயதினரான உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆறு, பத்து, பதினான்கு

உடல்நலத்தில் குறையேதும் இல்லாத குழந்தை, காரணம் தெரியாமல் நெடுநேரம் அழுவதை மருத்துவர்கள் ‘கோலிக்’ என்கின்றனர். 1954-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் வெஸ்ஸல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். நாளுக்கு 3 மணி நேரத்திற்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் அழுகை நீடித்தால் அது கோலிக். 1962-இல் பிரேசல்டன் என்னும் குழந்தை மருத்துவர், தாய்மார்கள் குறித்துவைத்த நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். நலமான குழந்தைகளின் அழுகையும் பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏறிக்கொண்டே போய், ஆறாம் வாரத்தில் உச்சம் தொட்டு, பின்னர் இறங்குவதையும், அந்த அழுகை பெரும்பாலும் மாலையில் மிகுவதையும் அவர் கண்டார். மூன்று நான்கு மாதங்களில் இது தானே அடங்கிவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையாயின், பிறக்க வேண்டிய நாளில் இருந்து இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

இதை நினைவில் நிறுத்த எளிய வழி ஒன்று உண்டு. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைக்கு 6, 10, 14 ஆகிய வாரங்களில் ஊசி போடப்படுகிறது. வீட்டு நாட்காட்டியில் ஏகாதசியையும் பிரதோஷத்தையும் குறிப்பது போல இந்த மூன்று நாட்களையும் குறித்து வையுங்கள். ஆறாம் வார ஊசியின்போது அழுகை உச்சத்தில் இருக்கும். பத்தாம் வாரத்தில் தணியத் தொடங்கும். பதினான்காம் வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் மாலை வேளை அமைதி பெற்றிருக்கும். முடிவு நாள் தெரிந்த துன்பத்தைத் தாங்குவது எளிது.

இதில் மற்றோர் உண்மையும் மறைந்திருக்கிறது. ஆறாம் வாரத்தில் ஏதேனும் ஒரு மருந்தைக் கொடுக்கத் தொடங்கினால், பத்தாம் வாரத்தில் அழுகை குறையத்தான் செய்யும். மருந்து கொடுக்காவிட்டாலும் குறைந்திருக்கும். தானே இறங்கிய வெள்ளத்திற்கு நாம் கட்டிய வரப்பைக் காரணமாகச் சொல்வது போன்றது அது. பல கைம்மருந்துகள் புகழ் பெற்றது இந்த வகையில்தான்.

வயிற்றுக்குள் நடப்பது

பிறந்த முதல் நாளில் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர் பாலையே ஏற்கும். குடலின் அசைவு இன்னும் சீர்ப்படவில்லை. செரிமானத்திற்கு உதவும் நுண்ணுயிர்கள் அப்போதுதான் குடியேறத் தொடங்குகின்றன. பால் குடிக்கும்போது பிள்ளை காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. அழும்போது இன்னும் மிகுதியாக விழுங்குகிறது. ஆகவே வாயு இருப்பதால் அழுகிறது என்று நாம் எண்ணும் பல வேளைகளில், அழுததால்தான் வாயு சேர்ந்திருக்கும். வயிறு உப்புவது, குடுகுடுவென ஒலிப்பது, முக்கி முனகிக் காற்றை வெளியேற்றுவது ஆகிய யாவும் அந்தப் பருவத்தின் இயல்பே.

காற்று உள்ளே செல்வதைக் குறைக்கும் முதல் வழி, பாலூட்டும் முறையைச் சரிசெய்வது. குழந்தை முலைக்காம்பை மட்டும் பற்றாமல், அதைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய் நிறையப் பற்ற வேண்டும். அதன் முகவாய் தாயின் மார்பைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பாலை முழுவதும் குடித்த பிறகே மறு பக்கம் மாற்றுவது நல்லது. பிள்ளை பசியால் கதறும் வரை காத்திராமல், கையைச் சப்பும்போதே, தலையை அங்குமிங்கும் திருப்பும்போதே பால் கொடுத்தால் காற்று குறைவாகச் செல்லும். தாயின் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க நேர்ந்தால், நம் வீட்டுப் பாலாடையைக் கொதிநீரில் நன்கு காய்ச்சிப் பயன்படுத்தலாம்.

மலம் பற்றியும் வீண் கவலை வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளில் எட்டுப் பத்து முறையும் போகும். ஆறு வாரங்களுக்குப் பின் சில நாட்கள் போகாமலும் இருக்கும். மலம் இளக்கமாக இருந்து, பிள்ளை நன்றாகக் குடித்து, எடையும் ஏறிவந்தால் இரண்டும் நலமே. அதை மலச்சிக்கல் எனக் கருதி விளக்கெண்ணெய் புகட்டுவதற்கும், ஆசனவாயில் சோப்புத்துண்டோ வெற்றிலைக் காம்போ வைப்பதற்கும் தேவையே இல்லை.

நம் கைகள் அறிந்த கலை

வாயுத் தொல்லைக்கு நம் பாட்டிமார் செய்த பலவும் இன்றைக்கும் செய்யத்தக்கவையே. மருத்துவர் அறையில் கற்பிக்கப்படும் முறைகள் சிலவற்றை நம் கூடத்திலும் முற்றத்திலும் அவர்கள் செய்துவந்தனர்.

பால் குடித்ததும் குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து, முதுகை மெல்லத் தட்டுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே வைத்திருந்தால் போதும். ஏப்பம் வந்தால் நல்லது; வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். தோள் வலிக்கும் பெரியவர்கள் மடியில் அமர்த்தி, ஒரு கையால் முகவாயையும் மார்பையும் தாங்கிச் சற்றே முன்னே சாய்த்துத் தட்டலாம். தொண்டையை அழுத்திவிடக் கூடாது.

நீட்டிய கால்களின் மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும் கலை நம் பெண்களின் தனிச்சொத்து. வெதுவெதுப்பான நீரும், முழங்காலை மெல்ல மடக்கி வயிற்றோடு சேர்த்து விடுவிப்பதும், மிதிவண்டி மிதிப்பது போலக் கால்களை மாற்றி மாற்றி அசைப்பதும் குழந்தைக்கு இதமளிக்கும். கையில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் செல்லும் திசையில் மெதுவாக நீவலாம். பால் குடித்த உடனே இதைச் செய்யாமல், சற்று நேரம் கழித்துச் செய்யுங்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் மட்டும் ஒழியட்டும். மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால், அது ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். அது எளிதில் ஆறாது.

விழித்திருக்கும் குழந்தையை நம் முன்னங்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, மெல்ல உலாவலாம். உறங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும். குப்புறப் படுத்து உறங்கும் கைக்குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. தூளியில் இட்டால் அருகில் ஒருவர் இருங்கள். முகத்தின் மேல் சேலை மடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

1986-இல் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஹன்சிக்கர், பார் என்னும் இரு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அழாத வேளையிலும் குழந்தைகளை நாள்தோறும் கூடுதல் நேரம் கையில் தூக்கி வைத்திருந்த குடும்பங்களில், ஆறாம் வாரத்து அழுகை 43 விழுக்காடு குறைவாக இருந்தது என்று அது கூறியது. அழுகை முற்றிய பின் தூக்குவது அந்த அளவு பலன் தரவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. “தூக்கித் தூக்கிக் கெடுத்துவிடாதே” என்று மருமகளைக் கடிந்துகொள்ளும் வழக்கத்தை நாம் விட்டுவிடலாம் என்பதே இதன் பொருள். மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக் கெடுத்துவிட முடியாது.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், மாலை விளக்கேற்றியதும் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லியபடி நடப்பார். பாராயணம் முடிய அரை மணி நேரம் ஆகும். பிள்ளை சில நாள் உறங்கும். சில நாள் பாராயணம் முடியும் மட்டும் அழும். எப்படியாயினும் அந்த அரை மணி நேரம் அவருடைய மகள் கண் அயர்ந்திருப்பாள். பேத்திக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் கிடைத்த காப்பு அது.

கரண்டியில் வருபவை

கையாலும் தோளாலும் செய்பவை இத்தனை இருக்க, நம் மனம் ஏனோ கரண்டியையே நாடுகிறது. இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும்.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என 2001-இல் உலக சுகாதார மாநாடு தீர்மானித்தது. நம் அரசு மருத்துவமனைகளும் அதையே வலியுறுத்துகின்றன. அக்னி நட்சத்திரத்து வெயிலிலும் தனியே தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர்தான். ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் 63.7 விழுக்காட்டினருக்கே நம் நாட்டில் தாய்ப்பால் மட்டும் கொடுக்கப்பட்டது. ஏனையோருக்குச் சேனைத் தண்ணீரோ, தேனோ, பசும்பாலோ, புட்டிப்பாலோ, கைம்மருந்தோ உள்ளே சென்றிருக்கிறது. அவற்றில் பல, அன்பு மிகுந்த பெரியவர்களின் கையால் சென்றவை.

வசம்பை எடுத்துக்கொள்வோம். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும், இரவில் ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் நாம் போற்றிய பொருள் அது. விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து, நாக்கில் தடவுவது வழக்கம். வசம்பில் பீட்டா-அசரோன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. நம் நாட்டு வசம்பின் எண்ணெயில் அது மிகுதி. விலங்குகளில் அது புற்றுநோய் உண்டாக்கியதைக் கண்டு, 1968-இல் அமெரிக்க அரசு வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. பெரியவர்களின் உணவுக்கே இந்த எச்சரிக்கை என்றால், நான்கு கிலோ எடையுள்ள பிள்ளையின் நாவில் வைக்கலாமா? வசம்பு மணிகளைக் கையில் காப்பாகக் கட்டினாலும், பிள்ளை அதை வாயில் வைக்கும் என்பதையும், மணி கழன்றால் தொண்டையில் சிக்கும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். உரைமருந்தின் உரைகல்லும், பலர் கை பட்ட சங்கும் கிருமிகளைச் சுமந்து வருபவை.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உடையோர் அதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேலையூருக்கு அண்மையில், தாம்பரம் சானடோரியத்தில், 2005 செப்டம்பர் 3 அன்று அந்நாளைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கிவருகிறது. அங்கே குழந்தை மருத்துவத்திற்கென்றே தனித் துறை உண்டு. பட்டம் பெற்ற மருத்துவர் குழந்தையை நேரில் பார்த்துச் சொல்வது வேறு. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி நாமே அளவு வகுப்பது வேறு.

கிரைப் வாட்டரின் கதையும் சுவையானது. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து மருந்தாளர் வில்லியம் உட்வர்ட் அதை உருவாக்கினார். சதகுப்பை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சர்க்கரை, நீர் ஆகியவற்றோடு 3.6 விழுக்காடு ஆல்கஹாலும் பழைய செய்முறையில் இருந்தது. பிள்ளைகள் உடனே அமைதியானதன் இரகசியம் எதுவென ஊகிப்பது கடினமன்று. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆல்கஹால் நீக்கப்பட்டது. இன்று நம் கடைகளில் கிடைப்பது ஆல்கஹால் அற்றதுதான். எனினும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்னும் விதிக்கு அதுவும் புறம்பானதே. தலைமுறைகளைக் கடந்த அதன் புகழைக் கண்டு, அது கட்டாயம் என்று எண்ண வேண்டியதில்லை.

வாயு நீக்கும் சொட்டு மருந்துகளுக்கும் இது பொருந்தும். சிமெத்திகோன் சொட்டுகள் கோலிக் அழுகைக்கு வெற்றுச் சொட்டுகளைவிடப் பயன் தந்ததாக ஆய்வுகள் நிறுவவில்லை. டைசைக்ளோமின் கலந்தவையோ ஆபத்தானவை. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு அவை மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். மூத்த பேரனுக்கு வாங்கிய மிச்சப் புட்டி அலமாரியில் இருந்தால், இன்றே அப்புறப்படுத்துங்கள்.

ஆலயம் செல்லும் குடும்பத்தார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளையைச் சந்நிதிக்கு எடுத்துச் செல்கிறோம். அர்ச்சகர் தீர்த்தம் தருகிறார், பஞ்சாமிர்தம் தருகிறார். ஆசையோடு ஒரு துளி அதன் நாவில் இடுகிறோம். தேனில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள், ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்ய வல்லவை. தீர்த்தத்தில் கலந்த பச்சைக் கற்பூரமும் சிறு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடிய பொருளே. தீர்த்தத்தைப் பிள்ளையின் தலையில் தெளியுங்கள். பிரசாதத்தை அதன் தாய் உண்ணட்டும். இறைவனின் அருள் தாயின் வழியாகவே பிள்ளைக்குச் சேரும்.

திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையின் பிரசாதமாக விளக்கெண்ணெய் தருவார்கள். சுகப்பிரசவம் வேண்டும் பெண்கள் அதை வயிற்றின் மேல் தடவிக்கொள்வார்கள். அங்கேயும் எண்ணெய் வெளிப்பூச்சுதான், உள்ளே செல்வதில்லை. இதையே வீட்டிற்கும் விதியாகக் கொள்ளலாம்.

வசூலான கடன் மட்டும் கணக்காகாது

“இவற்றையெல்லாம் கொடுத்துத்தான் உங்களை வளர்த்தோம், நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?” என்பது நம் வயதினர் வழக்கமாக எழுப்பும் வினா. முன்னாள் வங்கி அலுவலன் என்ற முறையில் இதற்கு விடை சொல்லத் துணிகிறேன். வசூலான கடன்களை மட்டும் எண்ணிப் பார்த்து, தம் கிளையில் வாராக்கடனே இல்லை என்று எந்த மேலாளரும் அறிக்கை எழுத முடியாது. பிழைத்த நாம்தாம் இன்று பேசுகிறோம். பிழைக்காத பிள்ளைகள் பேச வரமாட்டார்கள். 1971-இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அந்த எண்ணிக்கை 28, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், தூய குடிநீர், தாய்ப்பால் என்று பல காரணங்கள் கூடியே இந்த முன்னேற்றம் வந்தது. நம் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டால், ‘தங்காமல் போன’ ஒரு பிள்ளையைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்வார்கள். அந்தக் கண்ணீரையும் கணக்கில் எழுதினால்தான் பேரேடு நேராகும்.

பச்சை உடம்புக்காரியின் தட்டும் மனமும்

பிள்ளைக்கு வாயு சேரும் என்று அஞ்சி, பெற்றவளின் தட்டிலிருந்து பருப்பையும் கிழங்கையும் காய்களையும் பழங்களையும் ஒவ்வொன்றாக நீக்குகிறோம். அவளுடைய குடலில் உண்டாகும் வாயு பாலில் கலப்பதில்லை. மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் பசும்பாலின் புரதம் தாய் வழியாகச் சென்று ஒவ்வாமை தரக்கூடும். அதை மருத்துவர் கண்டறிந்து சொல்வார். ஏனையோர் பூண்டுக் குழம்பும், முருங்கைக்கீரையும், பருப்பும், பழமும் வயிறார உண்ணலாம். தண்ணீரையும் தாகம் தீரக் குடிக்கலாம். பத்தியத்தின் பெயரால் பாலூட்டும் பெண்ணைப் பட்டினியிடுவது எந்தச் சாத்திரத்திலும் இல்லை.

உணவைக் காட்டிலும் அவளைச் சுடுவது நம் சொல். “உனக்குப் பால் போதவில்லை, அதனால்தான் பிள்ளை கத்துகிறது” என்ற ஒரு வாக்கியம் போதும். மறுநாள் வீட்டில் புட்டியும் மாவுப்பாலும் வந்துவிடும். பிள்ளை மார்பில் சப்புவது குறையக் குறையப் பால் சுரப்பதும் குறையும். சொன்ன சொல் அப்படியே பலித்துவிடும். அழுகை பால் பற்றாக்குறைக்குச் சான்றாகாது. சான்று வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள். முதல் வாரத்திற்குப் பின் நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா? பிறந்த எடையை இரண்டு வாரங்களில் மீட்டுக்கொண்டதா? அதன்பின் நாளுக்கு இருபது முப்பது கிராம் ஏறுகிறதா? ஆம் எனில், பால் போதும். இந்த வரவு செலவுக் கணக்கைத் தாத்தாக்கள் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும்.

இரவெல்லாம் விழித்த பெற்றோருக்குச் சினமும் சோர்வும் எழுவது இயல்பு. அந்த வேளையில் பிள்ளையை உலுக்கிவிட்டால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, வாழ்நாள் ஊனமோ உயிரிழப்போ நேரலாம். “என்னிடம் கொடு, நீ போய்ப் படு” என்று நாம் கை நீட்டுவது எவ்வளவு பெரிய உதவி என்பதை இது உணர்த்தும். பெற்றவள் காரணமின்றி அழுதுகொண்டே இருந்தாலோ, பிள்ளையின் மீது நாட்டம் இழந்தாலோ, அதை அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய நாள்

எல்லா அழுகையும் கோலிக் அழுகை ஆகாது. கீழ்க்காண்பவற்றில் ஒன்று தென்பட்டாலும் கைம்மருந்து, காத்திருப்பு இரண்டுமே கூடாது. பிள்ளை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தல். ஒவ்வொரு வேளையும் பால் பீறிட்டு வெளியே பாயும்படி கக்குதல். மலத்தில் இரத்தம் தெரிதல். வயிறு கல் போல் விறைத்து உப்புதல். பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடத்தல். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு உடல்வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொடுதல். சிறுநீர் வெகுவாகக் குறைதல். வழக்கத்திற்கு மாறான கிறீச்சிட்ட குரலில் ஓயாது அழுதல். இவை நேர்ந்தால் நள்ளிரவாயினும் 108-ஐ அழையுங்கள்.

குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்து முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளிடம் குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோய் மிகுதியாகக் காணப்படும். பிள்ளை திடீரென வீறிட்டுக் காலை மடக்கி அழும், சற்று அடங்கும், மறுபடி வீறிடும். முகம் வெளுக்கும், வாந்தி வரும், பின்னர் மலம் சிவப்புக் கூழ் போல் வரும். விரைந்து கொண்டு சென்றால் பல பிள்ளைகளுக்கு அறுவையே இன்றி, ஆசனவாய் வழியாகக் காற்றையோ நீர்மத்தையோ செலுத்திக் குடலை நேராக்கிவிடுவார்கள். காலம் தாழ்த்தினால் குடல் அழுகிவிடும். இந்த அறிகுறிகளைக் கண்டு ‘குடலேற்றம்’, ‘தொக்கம்’, ‘உரம் விழுந்தது’ என்று கூறி, பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டவும், துணியில் இட்டு உருட்டவும், தொண்டையில் ஊதி எடுக்கவும் அலைவோர் இன்றும் உண்டு. மாந்தம் என்று வயிற்றில் சூடு இடுவோரும் உண்டு. அந்த அலைச்சலில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளையின் குடலுக்குக் கேடாகும்.

திருஷ்டி கழிப்பதில் மன ஆறுதல் கிடைக்குமாயின் கழியுங்கள். உப்பையும் மிளகாயையும் வாசலுக்கு அப்பால் எரியுங்கள்; அந்தப் புகையும் சாம்பிராணிப் புகையும் பிள்ளையின் மூச்சில் கலக்க வேண்டாம். சுற்றிப் போட்ட பின்னும் மேற்சொன்ன அறிகுறி இருந்தால், நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாயாகி வந்தவன்

திருச்சி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். நிறைமாதக் கர்ப்பிணியான இரத்தினாவதிக்குத் துணையாக அவள் தாய் புறப்பட்டாள். காவிரியில் வெள்ளம் பெருகியதால் அவளால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. இறைவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும் வரை அவன் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தான். சித்திரைத் திருவிழாவில் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்னும் வைபவமாக இது இன்றும் கொண்டாடப்படுகிறது.

இந்தத் திருவிளையாடலை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். சர்வ வல்லமை படைத்த இறைவன் நினைத்திருந்தால் வெள்ளத்தை ஒரு நொடியில் வற்றச் செய்திருக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை. வெள்ளம் தானாக வடியும் வரை அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்தான். பிள்ளையைக் கையில் ஏந்தினான். நம் வீட்டு அந்தி அழுகையும் அத்தகைய வெள்ளமே. அதற்கென்று ஒரு காலம் உண்டு. பதினான்கு வாரங்களில் பெரும்பாலும் வடிந்துவிடும். அதுவரை பக்கத்தில் இருப்பதற்கு நம் தோளும், நடப்பதற்கு ஒரு தாழ்வாரமும், நாவில் ஒரு நாமமும் போதும்.

தாயுமானவன் அருளால் ஒவ்வோர் இல்லத்துப் பிள்ளையும் நோயின்றி வளர்க. அதைப் பெற்றவள் மன நிறைவோடு வாழ்க.